கைப்பிடி அறுத்த வண்டிகள்

பத்திரகாளிக்கும் பாண்டிலட்சுமிக்கும் இடையே இருந்த பகை வெடிபொருள் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. திருத்தங்கலுக்கு வெளியே ஒரு பட்டாசு ஆலையில் இருவருக்கும் ஒரே அறையில் திரி சொருகும் வேலை. அறைக்கு நான்கு பேர், நான்கு பக்கமும் கதவு, தரையில் ரப்பர் விரிப்பு. அங்கே எதையும் கீழே போடக் கூடாது, தரதரவென்று இழுக்கக் கூடாது, சத்தம் போட்டு யாரையும் திடுக்கிட வைக்கக் கூடாது. ஆகவே கேட்டில் செல்போனை ஒப்படைப்பதுபோல இரண்டு பேரும் தங்கள் சண்டையையும் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனார்கள். சாயங்காலம் கம்பெனி வேன் கேட்டைத் தாண்டியதும், காலையில் எந்த வார்த்தையில் விட்டார்களோ அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பாதுகாப்பு விதியை இந்த ரெண்டு பேர் அளவுக்கு மதிக்கிற ஆளே ஆலையில் கிடையாது என்று போர்மேன் பெருமையாகச் சொல்லுவார்.

பகை எப்படி வந்தது என்று கேட்டால் தெருவில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். குழாயடியில் யாரோ யாருடைய குடத்தையோ நகர்த்தியது என்பது பொதுவான கட்சி. பத்திரகாளிக்கே காரணம் மறந்து பல நாளாயிற்று. அதனால் பகைக்கு ஒரு குறையும் வரவில்லை.

இருவருக்கும் ஆளுக்கொரு மகள். இரண்டு மகள்களும் சக்கர நாற்காலியில். பத்திரகாளியின் மகள் எழிலுக்குப் பிறப்பிலேயே முதுகுத்தண்டில் கோளாறு. எதிர் வீட்டுப் பாண்டிலட்சுமியின் மகள் ஐஸ்வர்யாவுக்குச் சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் கால்கள் போயின. இந்த ஊருக்கு வந்து போகிற வெளியூர்க்காரர்களுக்கு இதில் ஒரு ஏமாற்றம் உண்டு. "வெடி விபத்துலயாம்மா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். "இல்லை, பொறக்கும்போதே" என்றால் முகம் சப்பென்று ஆகிவிடும். ஒருமுறை படம் பிடிக்க வந்த ஒருவரிடம் பத்திரகாளி, "வெடிச்சிருந்தாத்தான் எடுப்பீகளோ? நாளைக்கு வாங்க, ஏற்பாடு பண்ணுதேன்" என்றாள். அவர் வரவில்லை.

ஒரே மாதிரிக் கஷ்டம் இருவரையும் ஒட்டவைக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது கூடுதலாக ஒரு சண்டையைத்தான் கொடுத்தது. எந்தப் பிள்ளைக்கு அதிகக் கஷ்டம் என்பதில் இரண்டு தாய்களும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பள்ளிக்கூடத்தில் எழிலைச் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் மதுரையில் இருக்கிற ஒரு சிறப்புப் பள்ளியின் பெயரைச் சொன்னார். அங்கே எல்லா வசதியும் இருக்கிறதாம். பத்திரகாளி பள்ளி கேட்டிலேயே மகளோடு உட்கார்ந்துகொண்டாள். போகிற வருகிற பெற்றோர்களிடம், "சாருக்கு எம்மகளைப் பாத்தா மதுரை ஞாபகம் வருதாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் சேர்க்கை நடந்தது. அடுத்த நாள் பத்திரகாளி திறந்துவிட்ட வழியில் ஐஸ்வர்யாவும் சேர்ந்தாள். பாண்டிலட்சுமி கேட்டில் உட்காரக்கூட வேண்டியிருக்கவில்லை. இதைப் பத்திரகாளி இன்றுவரை மன்னிக்கவில்லை.

உள்ளடக்கிய கல்வி என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. வகுப்புக்கு ஏற இரண்டு படி. பள்ளி உதவியாளர் வண்டியைப் பின்பக்கக் கைப்பிடியில் பிடித்துச் சாய்த்து, ஏதோ அரிசி மூட்டையைப் பார்த்ததுபோல "ம்ம்" என்று முனகி மேலே இழுப்பார். அவர் லீவு போட்டால் பிள்ளைகள் இரண்டும் வராந்தாவில். விளையாட்டு பீரியடில் எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவார்கள். செருப்புக்குக் காவல் எழிலும் ஐஸ்வர்யாவும். வேப்பமரத்தின் அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. அம்மாக்களின் பகையைப் பிள்ளைகள் ஒழுங்காகப் படித்திருந்தார்கள்.

இப்படியிருக்க, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு ரத்தினசாமி அறக்கட்டளை ஒரு விளையாட்டு விழா வைத்தது. ரத்தினசாமி சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் முதலாளி. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் கோடு போட்டு, பந்தல் போட்டு, பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை வேன் வைத்துக் கூட்டிப்போனார்கள். தாய்மார்கள் வேலையில் இருந்தார்கள். சாயங்காலம் எழில் மடியில் ஒரு எவர்சில்வர் டம்ளரோடு வந்தாள். அதில் எழுத்து வெட்டியிருந்தது: 'சக்கர நாற்காலி ஓட்டம், முதல் பரிசு, உபயம் ரத்தினசாமி அறக்கட்டளை.'

மறுநாள் காலையில் குழாயடியில் பத்திரகாளி அந்த டம்ளரைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். எழுத்து வெளிச்சத்தில் படும்படி திருப்பித் திருப்பிக் கழுவினாள்.

பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "என்னத்துக்கு இந்தத் தேய் தேய்க்கே? ஓட்டை விழுந்துரப் போவுது."

"எம்மக ஓட்டத்துல முதல் பரிசு வாங்கியிருக்கா. அழுக்கோட வைக்க முடியுமா? செல பேரு மகளும்தான் போனாளுவ."

பாண்டிலட்சுமி குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். வரும்போது கையில் ஒரு டம்ளர். அதே டம்ளர், அதே எழுத்து.

"எம்மக வாங்குனது பின்ன என்ன, ரேசன் கடையில போட்டதா?"

சோலையம்மாள் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு அன்றைய பொழுது நன்றாக விடிந்திருந்தது. "ஏலா, ரெண்டும் முதல் பரிசுன்னா, ரெண்டு பேரும் ரெண்டு ஊர்லயா ஓடுனாளுவ?"

அன்றைக்கு வேனில் நடந்த சண்டையை எழுத்தில் கொண்டுவர முடியாது. மகள்மாரில் தொடங்கி, புருசன்மாரில் ஏறி, யாருடைய கல்யாணத்தில் யார் இலையில் அப்பளம் வைக்கவில்லை என்பது வரைக்கும் போனது. டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிப் பார்த்துத் தோற்றுப்போனார்.

ராத்திரிச் சோறு போடும்போது பத்திரகாளி மகளிடம் கேட்டாள். "உள்ளதைச் சொல்லு. யாருட்டி முதல்ல வந்தது?"

எழில் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "நான்தாம்மா முன்னால போனேன். கோட்டுக்குப் பக்கத்துல வந்ததும் வண்டி கனத்துப் போச்சு. தள்ளுதேன், நகர மாட்டேங்கு. திரும்பிப் பாத்தா மஞ்சச் சட்டை போட்ட ஒரு அண்ணன் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்காரு. 'பொறு பாப்பா, எல்லாரும் வரட்டும்'ங்காரு."

"நீ என்ன சொன்னே?"

"கையை எடுங்கன்னேன். தலையைத் தடவிக் குடுத்தாரு."

பத்திரகாளி வாயைத் திறப்பதற்குள் எதிர் வீட்டிலிருந்து ஐஸ்வர்யாவின் குரல் தெருவைத் தாண்டி வந்தது. "என்னையத்தாம்மா பிடிச்சு இழுத்தாக! நான்தான் பர்ஸ்ட்டு! அந்த மஞ்சச் சட்டை இல்லேன்னா அவ என் பக்கத்துலயே வந்திருக்க மாட்டா!"

எழில் சாப்பிடாமல் கையைக் கழுவினாள். "யம்மா, நான் நெசமாவே ஜெயிச்சேனா இல்லையா? அதை மட்டும் கேட்டுச் சொல்லு."

இத்தனை வருடத்தில் அந்தப் பிள்ளை ஒரு பொருள் வேண்டும் என்று கேட்டதில்லை. இப்போது கேட்டதும் கடையில் கிடைக்காத ஒன்று.

வாரத்தில் ஒருநாள் பள்ளிக்கு வருகிற சிறப்பாசிரியை பிரீத்தி விருதுநகர்க்காரி. யாரிடமும் குரல் உயர்த்தாதவள். பத்திரகாளி காலையில் அரைநாள் லீவு போட்டுப் போனபோது பெஞ்சின் மறு முனையில் பாண்டிலட்சுமி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு ஆள் படுக்கலாம் என்கிற அளவுக்கு இடம்.

"யாரு முதல்ல வந்ததுன்னு சொல்லுங்க டீச்சர்" என்றாள் பத்திரகாளி.

"எல்லாருமே முதல்தான்மா. இது போட்டி இல்ல, பங்கேற்பு. ஒவ்வொரு குழந்தையும் ஒரு சாம்பியன்."

"அப்ப எதுக்குக் கோடு போட்டீக?"

பிரீத்தி புன்னகைத்தாள். "சும்மா ஒரு அடையாளத்துக்கு."

"நடக்கிற பிள்ளைகளுக்கு ஒண்ணு ரெண்டு மூணு இருக்கே டீச்சர். எட்டாங்கிளாஸ்ல ஒருத்தன் மூணாவது வந்ததுக்குப் பிரேயர்ல கைதட்டுனாகளாமே?"

"அவங்க வேறம்மா..." என்று தொடங்கிய பிரீத்தி நிறுத்திக்கொண்டாள். சுவரில் எழுதியிருந்த வாசகம் அவளுக்கு நேர் எதிரில் இருந்தது.

பிறகு புன்னகை இல்லாமல் சொன்னாள். "போன வருசம் ஒரு குழந்தை தோத்துப் போச்சும்மா. அழுது அழுது வலிப்பு வந்திருச்சு. நான்தான் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவங்க அப்பா கேட்ட கேள்வி இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம்தான் யாரும் தோக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணோம்."

அது நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததாலேயே பத்திரகாளிக்குக் கோபம் கூடியது. "பாவந்தான். அதுக்காக எம்மகளைப் பின்னாலருந்து பிடிச்சு நிறுத்துவீகளா?"

"எம்மகளையும்" என்றாள் பாண்டிலட்சுமி, ஜன்னலைப் பார்த்து.

பிரீத்தியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! ரெண்டு பேரும் ஒரே மாதிரி நினைக்கிறீங்க. நீங்க ஒண்ணா சேர்ந்து..."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்துகொண்டார்கள்.

அன்று சாயங்காலம் வேனில் பேச்சு ஒரு முடிவுக்கு வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, இன்னும் திறக்காத பைபாஸ் சர்வீஸ் ரோட்டில், இரண்டு பிள்ளைகளும் ஓட வேண்டும். தோற்ற பிள்ளையின் டம்ளர் ஜெயித்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். பிரீத்தியையும் அவளுடைய சாம்பியன்களையும் தெருவில் யாரும் கலந்து ஆலோசிக்கவில்லை.

கோட்டைக் கோலமாவில் போட்டார்கள். தொடக்கத்தில் நின்று டம்ளரைக் கரண்டியால் தட்டும் பொறுப்பு பத்திரகாளியின் புருசன் முனியராஜுக்கு. லாரியில் லோடு ஏற்றுகிற மனிதர், வீட்டில் வாய் திறக்காதவர். தட்டுகிற வேலை அவருக்குப் பொருத்தமாக இருந்தது. முடிவுக் கோட்டில் தீர்ப்புச் சொல்லச் சோலையம்மாள். இரண்டு வீட்டோடும் அவளுக்கு ஆகாது என்பதே அவளுடைய தகுதி.

ஒரு விசயத்தில்தான் இழுபறி. "நடுவுல இவ போய் வண்டியைத் தள்ளி விட்டுருவா" என்றாள் பாண்டிலட்சுமி.

"நான் தள்ளுதேனா? உன் கை சும்மா இருக்குமாடி?"

கடைசியில் இருவருக்கும் ஒத்துப்போன ஏற்பாடு இது: ஓட்டம் முடியும்வரை ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொள்வது. பத்திரகாளியின் வலது மணிக்கட்டு பாண்டிலட்சுமியின் பிடியில், பாண்டிலட்சுமியின் இடது மணிக்கட்டு பத்திரகாளியின் பிடியில். அந்த வழியாக சைக்கிளில் போன யாரோ பார்த்துவிட்டு, ரெண்டும் ராசியாகிவிட்டதுகள் என்று ஊருக்குள் செய்தி சொன்னார்.

டம்ளர் ஒலித்தது. வண்டிகள் கிளம்பின. சாலை ஓரமாக இரண்டு தாய்களும் கை கோத்தபடி ஓடினார்கள். ஒருத்தி கால் ஒருத்தி சேலையில் மிதிபட்டது. வாய் மட்டும் நிற்கவில்லை.

"மெதுவாப் போடி, உம்மகளைவிட நீ வேகமா ஓடுதே!"

"எம்மக எங்கன போறா பாரு, பெறவு பேசு!"

பாதித் தூரத்தில் எழில் ஒரு வண்டி நீளம் முன்னால் இருந்தாள். அப்போது அவள் வண்டியின் முன் சக்கரம் ஜல்லிக் கல்லில் மாட்டியது. வண்டி திரும்பி நின்றது. எழில் உடம்பை முன்னே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பத்திரகாளிக்கு எதிரில் மகளின் முதுகு. முதுகுக்கு மேல் அந்தக் கைப்பிடி. ஒரு தள்ளுதான். கல்லைத் தாண்டிவிடும். அவள் அறியாமலே உடம்பு அந்தப் பக்கம் பாய்ந்தது.

மணிக்கட்டில் பாண்டிலட்சுமியின் பிடி இறுகியது. இரண்டு கண்ணாடி வளையல்கள் நொறுங்கின. "கை வச்சே, அம்புட்டுத்தான்."

"விடுடி! பிள்ள கல்லுல..."

"அவ எடுப்பா. நீ சும்மா இரு."

எழில் வண்டியைப் பின்னால் இழுத்து, சக்கரத்தைத் திருப்பி, கல்லை விட்டு வெளியே வந்தாள். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் ஐஸ்வர்யா முன்னால் போயிருந்தாள். ஆனால் அவள் வேகம் அவளுக்கே அடங்காமல், கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இப்போது பாண்டிலட்சுமி பாய்ந்தாள். பத்திரகாளி காலை ஊன்றி அவள் கையை இழுத்துப் பிடித்தாள். தன் மகளுக்குச் செய்யாத உதவியை எதிரியின் மகளுக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை.

"விழுந்துருவாடி!"

"விழட்டும். எந்திரிப்பா."

ஐஸ்வர்யா விழவில்லை. உடம்பை மறுபக்கம் சாய்த்து நிமிர்த்தினாள். கோலமாக் கோட்டை அவள்தான் முதலில் அழித்தாள். எழில் பின்னால் வந்தாள். சந்தேகத்துக்கு இடமில்லாத தோல்வி.

"ஐஸ்வர்யாதான்" என்றாள் சோலையம்மாள். சண்டை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

பத்திரகாளி மகளிடம் போனாள். பிரீத்தி சொன்ன வலிப்புப் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தது. "அந்தக் கல்லு மட்டும் மாட்டலேன்னா..."

"மாட்டலேன்னாலும் தோத்திருப்பேம்மா. அவளுக்குக் கை நீளம்" என்றாள் எழில். மூச்சு வாங்கியது. முகத்தில் அழுகை இல்லை. அழுகையைவிட மோசமான ஒன்று இருந்தது. பத்திரகாளி அதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். எழில் வண்டியை ஐஸ்வர்யா பக்கம் திருப்பினாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை."

"வா. அன்னைக்கும் தோத்துட்டுப் போ" என்றாள் ஐஸ்வர்யா.

டம்ளரைப் பத்திரகாளியே கொண்டுபோய்க் கொடுத்தாள். பாண்டிலட்சுமி அவள் கண் முன்னாலேயே அதை ஒருமுறை கழுவிவிட்டு உள்ளே வைத்தாள்.

அந்த வாரமே எழில் இன்னொன்று கேட்டாள். "கைப்பிடி இருந்தாத்தானம்மா பிடிப்பாக?"

வெல்டிங் கடை மாரிக்கண்ணன் தயங்கினார். "அரசாங்கம் குடுத்த வண்டி தாயி. அறுத்தா பழையபடி ஒட்ட வைக்க வராது."

"ஒட்ட வைக்கச் சொல்லலேண்ணே. அறுங்க" என்றாள் பத்திரகாளி.

அறுத்த இடத்தில் ரப்பர் மூடி போட்டுக் கொடுத்தார். மறுநாள் பாண்டிலட்சுமி தன் மகளின் வண்டியோடு கடையில் நின்றாள். இதைப் பத்திரகாளி 'காப்பியடிக்கிறது' என்ற தலைப்பில் வேனில் விரிவாகப் பேசினாள்.

பள்ளியில் உதவியாளர் படியருகே வந்து பழக்க தோசத்தில் கையை நீட்டினார். பிடிக்க ஒன்றுமில்லை. வண்டியைச் சாய்க்க முடியவில்லை, இழுக்க முடியவில்லை. தலைமையாசிரியர் பத்திரகாளியை வரச் சொன்னார்.

"அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியிருக்கீங்க. நான் மேலே எழுத வேண்டியிருக்கும்."

"எழுதுங்க சார். கைப்பிடி எதுக்கு வேணும்னும் சேத்து எழுதுங்க. படியில மூட்டை மாதிரி இழுக்கன்னு."

அவர் எழுதவில்லை. சாய்தளம் கேட்டு பிரீத்தி கொடுத்த மனு மூன்று வருடமாக அவருடைய கருணைக்குக் காத்திருந்தது. இப்போது ஒரே வாரத்தில் மணலும் சிமென்ட்டும் இறங்கின. சாய்தளம் கொஞ்சம் செங்குத்தாக அமைந்தது. கொத்தனாரும் கோபத்தில் இருந்திருக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டும் அதில் போட்டி போட்டு ஏறியே கையை வளர்த்துக்கொண்டார்கள். விளையாட்டு பீரியடில் வேப்பமரத்தடியை விட்டுவிட்டு மைதானத்தைச் சுற்றினார்கள். செருப்புகள் காணாமல் போக ஆரம்பித்தன. உடற்கல்வி ஆசிரியர் புகார் சொன்னார். காவல் போடச் சுவரில் எழுதியிருக்கிறதா என்று பத்திரகாளி கேட்டுவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டம்ளர்கள் தெருவுக்குக் குறுக்கே அங்கும் இங்கும் போய் வந்தன. பெரும்பாலும் எதிர் வீட்டுக்கே போயின.

அடுத்த வருடம் அறக்கட்டளை விழாவுக்கு இரண்டு தாய்களும் லீவு போட்டுவிட்டுப் போனார்கள். கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். யாரும் சொல்லாமலே ஒருத்தி மணிக்கட்டை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். பார்த்த பிரீத்திக்குக் கண் கலங்கியது. அவளிடம் உண்மையைச் சொல்ல இருவருக்கும் நேரமில்லை.

விசில் ஊதியது. எழிலும் ஐஸ்வர்யாவும் மற்ற பிள்ளைகளை விட்டுத் தனியாக முன்னேறினார்கள். கோட்டை நெருங்கியதும் மஞ்சள் சட்டைகள் இரண்டு புன்னகையோடு பின்னால் ஓடி வந்தன. கை நீட்டின. இருக்க வேண்டிய இடத்தில் கைப்பிடி இல்லை. ஒரு மஞ்சள் சட்டை காற்றைப் பிடித்துக் குப்புற விழுந்தது. எழில் அரைச் சக்கர இடைவெளியில் கோட்டைத் தாண்டினாள். யாரும் அதை ஒலிபெருக்கியில் சொல்லவில்லை. கயிற்றுக்கு வெளியே பத்திரகாளியின் மணிக்கட்டைப் பாண்டிலட்சுமியின் கை பட்டென்று உதறியது. பத்திரகாளிக்கு அந்த அறிவிப்பு போதுமாக இருந்தது.

மேடையில் ரத்தினசாமி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி டிபன் பாக்ஸ் கொடுத்தார். எல்லாவற்றிலும் 'முதல் பரிசு'. ஐஸ்வர்யா வாங்கினாள். மூடியில் இருந்த எழுத்தைப் படித்தாள். வண்டியைத் திருப்பி நேரே எழிலிடம் வந்து, அதை அவள் மடியில் தொப்பென்று போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வா" என்றாள்.

போட்டோக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "பாப்பா, அதை அந்தப் பாப்பாகிட்டத் திருப்பிக் குடும்மா. ரெண்டு பேரும் சிரிங்க. காலண்டருக்கு."

"எதுக்குக் குடுக்கணும்?" என்றாள் எழில்.

"குடுத்தாலும் வாங்க மாட்டேன்" என்றாள் ஐஸ்வர்யா.

படம் எடுக்காமலே வேன் கிளம்பியது. மண்டபத்துக் கேட்டுக்குள் இருந்தவரை இரண்டு தாய்களும் வாயைத் திறக்கவில்லை. மடியில் இரண்டு டிபன் பாக்ஸோடு எழில் ஜன்னல் ஓரம் இருந்தாள். பத்திரகாளி முன் சீட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

கேட்டைத் தாண்டியதும் பாண்டிலட்சுமி ஆரம்பித்தாள். "மைதானம் அந்தப் பக்கமாச் சரிவு. செல பேருக்குச் சரிவு அமைஞ்சிருது."